பாஸ்டுரைசரைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுவது எப்படி? முதல்முறை இறங்கும் சிறிய பால் பண்ணைகளுக்கு

நீராவி வால்வைக் கையால் திருகிக்கொண்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கும் வேலையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பல சிறிய பால் பண்ணைகள் நினைக்கின்றன. பி.எல்.சி. (ஆலையை இயக்கும் சிறிய கட்டுப்பாட்டுக் கணினி) ஒன்றும், நடப்பதைக் காட்டிப் பதிவு செய்யும் ஸ்காடா மென்பொருளின் திரை ஒன்றும் வைத்தால் போதும் என்று கொட்டேஷன் கேட்கத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நான் பொறுப்பேற்ற ஒரு பண்ணையில், கட்டுப்பாட்டுப் பேனல் பொருத்தியவர் பி.எல்.சி. புரோகிராமைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, கடைசித் தவணையையும் வாங்கிக்கொண்டு, தொலைபேசியை எடுப்பதையே நிறுத்தியிருந்தார். வெப்பம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் செட் பாயின்ட்டைக்கூட மாற்ற வழியில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றுகூட இல்லை. தானியங்கிக் கட்டுப்பாட்டுச் சுற்றான லூப்பை ‘மேனுவல்’ (கைமுறை) நிலையில் போட்டு, பழையபடி ஆளை நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய பி.எல்.சி. வாங்கி, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடம் பிடித்து, புரோகிராமை முதலிலிருந்து எழுதி, ஆலையை ஓட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வேண்டாம்.

மணிக்கு 2,000 லிட்டர் பாலைச் சூடாக்கும் பிளேட் பாஸ்டுரைசரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது சாயப்பட்டறையாக இருந்தாலும், எண்ணெய் ஆலையாக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

1. ஆலையை முதலில் தாளில் வரையுங்கள்

யாரையும் அழைக்கும் முன் இதைச் செய்யுங்கள். பால் முதலில் வந்து தேங்கும் பேலன்ஸ் டேங்க், பம்பு, வரும் குளிர்ந்த பாலைப் போகும் சூடான பால் சூடேற்றும் ரீஜெனரேஷன் பகுதி, வெந்நீர் ஓடும் ஹீட்டிங் பகுதி, சூடான பால் குறித்த நேரம் அதே வெப்பத்தில் ஓடும் ஹோல்டிங் டியூப், பாலைத் திருப்பிவிடும் டைவர்ஷன் வால்வு, மறுபடி ரீஜெனரேஷன், கடைசியில் சில்லிங். பால் போகும் பாதையிலேயே நடந்து, குழாய், வால்வு, பம்பு, அளவுக் கருவி எல்லாவற்றையும் வரையுங்கள். கையால் வரைந்தாலும் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைத் தகட்டில் பொறித்துக் கருவியில் கட்டிவிடுங்கள். வெப்ப சென்சார் டி.டி. 101 என்றால் வரைபடத்திலும், ஒயரிலும், திரையிலும், புரோகிராமிலும் அது டி.டி. 101 ஆகவே இருக்க வேண்டும்.

அடுத்து உள்ளீடு-வெளியீட்டுப் பட்டியல். கணினிக்கு உள்ளே வரும் ஒவ்வொரு சிக்னலையும், வெளியே போகும் ஒவ்வொரு சிக்னலையும் ஒரு எக்செல் தாளில் வரிசையாக எழுதுங்கள். எண், என்ன அளவு, எந்த வரம்பு, எவ்வகைச் சிக்னல், எந்த டெர்மினல், மின்சாரம் போனால் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று பத்திகள் இருக்கட்டும். கடைசிப் பத்தியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மிக முக்கியமானது. நாளை ஒரு சென்சார் கூட்ட வேண்டியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு டெர்மினல்களை உபரியாக வைக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு தாள்களுக்கும் காசு செலவில்லை. ஒரு வாரம் ஆகும். இவை இல்லாமல் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்வார்கள். குறைந்த விலை என்று நீங்கள் நினைப்பது, பாதிப் பொருளை விட்டுவிட்ட விலையாக இருக்கும்.

2. கணினியை நம்பி விடக் கூடாதவற்றைத் தனியே பிரியுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு விதியின்படி இவ்வகைப் பாஸ்டுரைசரில் பாலின் ஒவ்வொரு துளியும் குறைந்தது 71.5 டிகிரியில் 15 விநாடி இருந்தாக வேண்டும். ஆலைகள் இதற்குச் சில டிகிரி மேலேதான் ஓட்டுகின்றன. ஹோல்டிங் டியூபின் முடிவில் வெப்பம் குறைந்தால் பாலைப் பேலன்ஸ் டேங்குக்கே திருப்பிவிடுவது டைவர்ஷன் வால்வின் வேலை. இந்த ஒரு வேலையை ஸ்காடாக் கணினியின் பொறுப்பில் விடாதீர்கள். விண்டோஸ் கணினி எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும், பி.எல்.சி.யும் பழுதாகக்கூடும். தனி வெப்பநிலை ரிலே ஒன்று, தன் சொந்த சென்சாரோடு, அந்த வால்வுக்குக் காற்றை விடும் மின்சுருளான சொலினாய்டை நேரடி ஒயரில் அறுக்க வேண்டும். வால்வை இயக்கும் அழுத்தக் காற்று போனாலும் மின்சாரம் போனாலும் வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதைத் திருப்பிவிடும் நிலைக்கே கொண்டுபோக வேண்டும். வாங்கும்போது இதைக் கேளுங்கள். வந்த பிறகு காற்றுக் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள்.

பாய்லரின் சேஃப்டி வால்வு, நீர்மட்டம் குறைந்தால் பர்னரை அணைக்கும் அமைப்பு ஆகியவையும் அப்படித்தான். அவற்றைப் படிக்கலாம், திரையில் காட்டலாம். புரோகிராமுக்குள் இழுத்துவரக் கூடாது.

‘இது நடந்தால் இது நிற்க வேண்டும்’ என்று கட்டம் போட்ட ஒரு தாள் தயார் செய்யுங்கள். இடப்பக்கம் காரணங்கள்: வெப்பம் குறைவு, ஓட்டம் அதிகம், காற்றழுத்தம் இல்லை, அவசர பட்டன். மேலே விளைவுகள்: பம்பு நிற்கும், நீராவி வால்வு மூடும், பால் திரும்பும். பின்னால் சோதனையின்போது இந்தத் தாளில்தான் ஒவ்வொன்றாக டிக் அடிப்பீர்கள்.

ஓட்டம் அதிகம் என்பதை ஏன் சேர்த்தேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2,000 லிட்டர் என்றால் விநாடிக்கு 0.556 லிட்டர். 15 விநாடிக்கு 8.33 லிட்டர் கொள்ளும் டியூப் வேண்டும். 38 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயில் ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம். யாரோ ஒருவர் உற்பத்தி கூடட்டும் என்று பம்பின் வேகத்தை ஏற்றி ஓட்டத்தை 2,200 லிட்டராக்கினால் அதே டியூபில் பால் இருக்கும் நேரம் 13.6 விநாடிதான். திரையில் 75 டிகிரி என்று பச்சையாகத் தெரியும். பால் தேறியிருக்காது. குழாயின் நடுவில் ஓடும் பால் சராசரியைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்தால் டியூப் இன்னும் நீளமாகத்தான் இருக்க வேண்டும். பம்பு மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி.யின் உச்ச வேகத்தைப் பூட்டி வையுங்கள்.

3. பணம் போக வேண்டிய இடம் சென்சாரும் வால்வும்

புதியவர்கள் பி.எல்.சி. பிராண்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். இந்த அளவு ஆலைக்கு எந்த நல்ல பி.எல்.சி.யும் போதும். தவறான அளவைப் படிக்கும் கணினி தவறைத்தான் வேகமாகச் செய்யும்.

என் கைக்கு வந்த கொட்டேஷன்களில் விலை ஏறக்குறைய இப்படி இருந்தது: பி.டி. 100 வெப்ப சென்சார் டிரான்ஸ்மிட்டரோடு சில ஆயிரம் ரூபாய், சிறிய பி.எல்.சி.யும் தொடுதிரையும் சேர்ந்து ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம். பாலுக்கேற்ற மின்காந்த ஃப்ளோ மீட்டர் ஒரு லட்சத்தை ஒட்டி. பொசிஷனரோடு (வால்வைச் சொன்ன திறப்பில் நிறுத்தும் கருவி) கூடிய நீராவிக் கட்டுப்பாட்டு வால்வு அதற்கும் மேலே. பேனல், ஒயரிங், புரோகிராம், சோதனை எல்லாம் கூட்டினால் ஆறு முதல் பத்து லட்சம் வரை போகும். ஊருக்கும் பிராண்டுக்கும் ஏற்ப இது மாறும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பால் பண்ணைகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கருவிகளுக்கு 18 சதவீதம் வரி. வேறு தொழில் என்றால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட் பாலுக்கு வரி விலக்கு இருப்பதால், பால் மட்டும் விற்கும் பண்ணைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. நெய் போன்ற வரியுள்ள பொருள்களும் விற்றால் ஒரு பங்கு கிடைக்கலாம். பட்ஜெட் போடும் முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். பத்து லட்சத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்பது சிறிய தொகை இல்லை.

வெப்ப சென்சாருக்கு மூன்று ஒயர் இணைப்பு கேளுங்கள். இரண்டு ஒயர் என்றால் ஒயரின் மின்தடையும் வெப்பமாகப் படிக்கப்படும். வந்ததும் நீங்களே சோதிக்கலாம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குடுவையில் வைத்தால் மல்டிமீட்டர் 100 ஓம் காட்ட வேண்டும். 100 டிகிரியில் 138.5 ஓம். ஹோல்டிங் டியூபில் உட்காரப்போகும் சென்சாருக்கு மட்டும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்று கண்டிப்பாக வேண்டும். அது 70 முதல் 80 டிகிரிக்குள் எடுக்கப்பட்ட புள்ளியோடு இருக்கட்டும். 0-விலும் 100-லும் மட்டும் சோதித்த சான்று உங்கள் வேலைக்குப் போதாது.

வால்வு பெரிதாக இருந்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாயின் அளவுக்கே வால்வு வாங்கினால் பெரும்பாலும் அது 10, 15 சதவீதத் திறப்பிலேயே ஓடும். அந்த இடத்தில் எந்தக் கன்ட்ரோலரும் அமைதியாக நிற்காது. சாதாரண ஓட்டத்தில் 30-க்கும் 70-க்கும் இடையே திறந்திருக்கும்படி அளவு கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் கணக்குத் தாளையும் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

4. ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டியவை

எனக்கு நேர்ந்தது இந்தத் தாளில் நான்கு வரி இல்லாததால்தான். ஆகவே வாய்ச்சொல்லுக்கு இடம் தராமல் எழுதி வாங்குங்கள்.

பி.எல்.சி., தொடுதிரை, ஸ்காடா மூன்றின் மூலப் புரோகிராமும், விளக்கக் குறிப்புகள் நீக்கப்படாமல், திறந்து திருத்தக்கூடிய வடிவில் ஆலைக்குச் சொந்தம். எல்லாக் கடவுச்சொற்களும் ஆலையின் பெயரில் உறையிட்டு ஒப்படைக்கப்படும். ஸ்காடா உரிமம் ஆலையின் பெயரிலும் ஆலையின் மின்னஞ்சலிலும் பதிவாகும். ஒப்பந்ததாரரின் பெயரில் இருந்தால் கணினி மாற்றும் நாளில் நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டும். கடைசியாகப் பொருத்தியது பொருத்தியபடி வரைந்த ஒயரிங் வரைபடம் தரப்படும்.

இவற்றைக் கேட்டதும், “புரோகிராம் எங்கள் தொழில் ரகசியம்” என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். ஒரு பாஸ்டுரைசர் லூப்பில் ரகசியம் எதுவும் இல்லை.

பணத்தை நான்காகப் பிரியுங்கள். ஆர்டரோடு 30 சதவீதம், பேனல் அவர்கள் பட்டறையில் சோதனை முடித்துப் புறப்படும்போது 40, ஆலையில் பால் வைத்து ஓட்டிக் காட்டிய பிறகு 20. மீதி 10 சதவீதம் மேலே சொன்ன ஃபைல்கள் எல்லாம் கைக்கு வந்து, உங்கள் ஆள் உங்கள் லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்து, பி.எல்.சி.யில் ஏற்றிக் காட்டிய பிறகு. அந்தப் பத்து சதவீதம்தான் உங்கள் பிடி. எந்த வற்புறுத்தலுக்கும் அதை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கால அளவு: கட்டுப்பாட்டு வால்வும் ஃப்ளோ மீட்டரும் வர ஆறு முதல் பத்து வாரம் வரை ஆகும். அவற்றை முதலில் ஆர்டர் செய்யுங்கள். பேனலுக்கும் புரோகிராமுக்கும் அந்த நேரமே போதும். தாள் வேலையிலிருந்து ஓட்டம் வரை நான்கு, ஐந்து மாதம் ஒதுக்குங்கள். கோடையில் பால் வரத்து குறையும் நாள்களில் குழாய் வெட்டும் வேலை விழும்படி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குவது நல்லது.

5. பேனலும் ஒயரும்

சுருக்கமாகச் சொல்கிறேன். சென்சார் ஒயர்களை வி.எஃப்.டி.யின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் கொண்டுபோகாதீர்கள்; பம்பு ஓடத் தொடங்கியதும் வெப்பம் இரண்டு டிகிரி குதித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஷீல்டு கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் 4–20 மில்லி ஆம்பியராக இருக்கட்டும்: ஒயர் அறுந்தால் 0 வரும், அது 4 இல்லை என்பதால் பழுது உடனே தெரிந்துவிடும். பி.எல்.சி.க்கும் கணினிக்கும் யு.பி.எஸ். வேண்டும், மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் பதிவு அறுந்துபோகக் கூடாது. கழுவும் நீர் தெறிக்கும் இடத்தில் பேனல் வைப்பதைத் தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் ஐ.பி. 65 பெட்டி.

6. புறப்படும் முன் பட்டறையிலேயே சோதனை

பேனலை உங்கள் ஆலைக்கு அனுப்பும் முன் ஒப்பந்ததாரரின் பட்டறைக்கு ஒரு முழு நாள் போங்கள். உள்ளீடு-வெளியீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மில்லி ஆம்பியர் கருவியால் ஒவ்வொரு சிக்னலுக்கும் 4, 12, 20 கொடுத்துத் திரையில் சரியான எண் வருகிறதா என்று பாருங்கள். 0–100 டிகிரி வரம்பு என்றால் 12-க்கு 50 வர வேண்டும். பிறகு காரண-விளைவுத் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பத்து நிமிடத்தில் திருத்தும் பிழை, ஆலையில் பால் காத்திருக்கும்போது அரை நாளைத் தின்னும். ஆபரேட்டர்களில் மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

7. உங்கள் பாஸ்டுரைசரின் மாடலை நீங்களே எடுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி இதுதான். வெப்பத்தைப் பார்த்து வால்வைத் தானே திருத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலருக்கு மூன்று எண்கள் போட வேண்டும்: கெயின், இன்டெக்ரல் நேரம், டெரிவேட்டிவ். பொருத்துபவர்களில் பலர் வேறு ஆலையில் போட்ட எண்களையே இங்கும் போட்டு, வெப்பம் மேலும் கீழும் ஆடினால் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, “இனி சரியாகிவிடும்” என்று போய்விடுவார்கள். அதற்குத் தேவையே இல்லை. அரை நாள் ஒதுக்கினால் உங்கள் ஆலையின் குணத்தை வேறு மூன்று எண்களில் பிடித்துவிடலாம்; கன்ட்ரோலரின் எண்கள் அவற்றிலிருந்து வரும்.

பால் வேண்டாம், தண்ணீரில் செய்யுங்கள். தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு பாலுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. வழக்கமான ஓட்டத்தில் பம்பை ஓட விட்டு, கன்ட்ரோலரை ‘மேனுவல்’ ஆக்கி, நீராவி வால்வை 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். வெப்பம் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். 74 டிகிரியில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வால்வை ஒரே அடியாக 45-க்குக் கொண்டுபோய்விட்டு, கையை எடுத்துவிட்டு, திரையில் ஓடும் கோட்டை விநாடிக்கு ஒரு புள்ளியாகப் பதிவு செய்யுங்கள்.

முதலில் சிறிது நேரம் எதுவும் நடக்காது. பிறகு கோடு வளைந்து ஏறும். கடைசியில் 78-இல் போய் நிற்கும். இதிலிருந்து எடுக்க வேண்டியவை மூன்று.

கெயின்: வெப்பம் 4 டிகிரி ஏறியது, வால்வு 5 சதவீதம் திறந்தது. 4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8.

தாமதம்: வால்வை நகர்த்திய நொடியிலிருந்து கோடு அசையத் தொடங்கும் வரை ஆன நேரம். 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

நேர மாறிலி: மொத்த ஏற்றத்தில் 63 சதவீதம் ஏற ஆன நேரத்திலிருந்து தாமதத்தைக் கழித்தது. 4 டிகிரியில் 63 சதவீதம் ஏறக்குறைய 2.5; ஆகவே 76.5-ஐத் தொட்ட நேரம். அது 52-ஆவது விநாடி என்றால், 12 போக 40 விநாடி.

இந்த மூன்று எண்களும்தான் உங்கள் ஆலையின் மாடல். பெரிய ஆலைகளில் ஓடும் மென்பொருள்கள் பலவும் இதே வகை எண்களைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன.

பாஸ்டுரைசரில் மட்டும் இருக்கும் இரண்டு சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும். சோதனையின்போது டைவர்ஷன் வால்வு திருப்பிவிடும் நிலையில் இருந்தால் சூடான தண்ணீர் பேலன்ஸ் டேங்குக்கே திரும்பி, உள்ளே வரும் தண்ணீரும் சூடாகிக்கொண்டே போகும். கோடு எங்கும் நிற்காது. தண்ணீரை முன்னோக்கி விட்டு வெளியேற்றுங்கள். அடுத்தது ரீஜெனரேஷன். வெளியே போகும் தண்ணீர் சூடேறியதும் அது உள்ளே வரும் தண்ணீரையும் கூடுதலாகச் சூடாக்கும். ஆகவே ஏற்றம் முடிந்துவிட்டது போலத் தெரிந்த பிறகும் கோடு மெல்ல மேலே நகரும். அவசரப்பட்டு கோடு முதலில் தட்டையாகத் தெரியும் இடத்தையே முடிவு என்று எடுத்தால் கெயின், நேர மாறிலி இரண்டுமே குறைவாக வந்து, கன்ட்ரோலரின் இன்டெக்ரல் தேவைக்கு மேல் துரிதமாகிவிடும்.

சோதனையை இறக்கியும் செய்யுங்கள்: 45-இலிருந்து 40-க்கு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வந்த எண்கள் வெகுவாக வேறுபட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். என்னோடு நின்ற மூத்த ஆபரேட்டர் ஒருவர் திரையைப் பார்க்கவில்லை. வால்வின் தண்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். “இரண்டு சதவீதம் கொடுத்தால் இது நகராது தம்பி. ஐந்து கொடுத்தால் சட்டென்று குதிக்கும், பாருங்கள்” என்றார். பொசிஷனர் திரையில் ஒழுங்காக எண் காட்டிக்கொண்டிருந்தது. தண்டோ, கசிவைத் தடுக்க அதைச் சுற்றி இறுக்கும் கிளாண்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளாண்டைத் தளர்த்திப் பேக்கிங் மாற்றிய பிறகுதான் சோதனை பயன் தந்தது. ஒட்டும் வால்வை எந்த பி.ஐ.டி. எண்ணாலும் குணப்படுத்த முடியாது. சோதனைக்கு முன் ஒரு சதவீதம் ஒரு சதவீதமாக நகர்த்தித் தண்டைக் கண்ணால் பாருங்கள்.

ஓட்டத்தைக் குறைத்தும் ஒரு முறை சோதியுங்கள். பாதி ஓட்டத்தில் கெயின் கூடும், தாமதமும் நீளும். இரு ஓட்டங்களிலும் ஆலையை ஓட்டுவீர்கள் என்றால் குறைந்த ஓட்டத்தின் எண்களை வைத்தே கணக்கிடுங்கள். சற்று மந்தமாக இருந்தாலும் ஆடாது.

8. எண்களைக் கன்ட்ரோலரில் போடுவது

நார்வேயைச் சேர்ந்த பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்ட எளிய விதி இதற்குப் போதும். நேர மாறிலியைத் தாமதத்தின் இரு மடங்கால் வகுத்து, வருவதைக் கெயினால் வகுங்கள்: 40-ஐ 24-ஆல் வகுத்தால் 1.67, அதை 0.8-ஆல் வகுத்தால் 2.08. இது கன்ட்ரோலர் கெயின். இன்டெக்ரல் நேரம்: நேர மாறிலி, தாமதத்தின் எட்டு மடங்கு, இரண்டில் எது சிறியதோ அது. இங்கே 40, 96. ஆகவே 40 விநாடி. டெரிவேட்டிவை 0-வாகவே விடுங்கள்.

இதை பி.எல்.சி.யில் தட்டும்போது சிலர் வழுக்கி விழுகிறார்கள். சில கன்ட்ரோலர்கள் கெயினைக் கேட்கும். சில புரொபோர்ஷனல் பேண்டைக் கேட்கும். பேண்ட் என்றால் 100-ஐக் கெயினால் வகுத்துப் போட வேண்டும்: 48. இன்டெக்ரல் நேரம் விநாடியிலா, நிமிடத்திலா என்று கையேட்டில் பாருங்கள். விநாடி கேட்கும் இடத்தில் நிமிடக் கணக்கைப் போட்டால் லூப் அறுபது மடங்கு ஆவேசமாகும். சென்சார் வரம்பு 0–100 டிகிரி என்றால் மேலே வந்த 2.08 அப்படியே பொருந்தும். 0–150 என்று அமைத்திருந்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 3.12 போட வேண்டும். வெப்பம் குறைந்தால் வால்வு திறக்க வேண்டும் என்பதால் திசை ‘ரிவர்ஸ்’. பி.ஐ.டி. பிளாக்கை நிலையான கால இடைவெளியில் ஓடும் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். பொதுப் புரோகிராமுக்குள் வைத்தால் கணக்கு நேரத்துக்கு நேரம் மாறும். வால்வு முழுதும் திறந்து நிற்கும்போது இன்டெக்ரல் குவியாமல் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்றும் கேளுங்கள். காலையில் ஆலை எடுக்கும்போது வெப்பம் 90-ஐத் தாண்டிப் பாய்ந்தால் அது இயங்கவில்லை.

எல்லா எண்களையும், சோதனைக் கோட்டின் அச்சுப்படியையும், தேதியோடு ஃபைலில் வையுங்கள்.

9. திரை, அலாரம், பதிவு

திரையில் வண்ணங்களைக் குறையுங்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்து, பழுது மட்டும் சிவப்பில் வந்தால் இரவுப் பணியில் இருப்பவர் கண்ணில் படும்.

அலாரங்களைப் பற்றி ஒரே விதி: ஆபரேட்டர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இல்லாவிட்டால் அது அலாரம் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் ஒருவர் நிம்மதியாகக் கவனிக்கக்கூடிய அளவு என்று துறைத் தரநிலைகள் சொல்கின்றன. பொருத்துபவர் சும்மா கிடைக்கிறது என்று நூறு அலாரம் வைத்துத் தருவார். ஒரு வாரத்தில் ஹார்னின் ஒயரை யாரோ பிடுங்கிவிடுவார்கள். காரண-விளைவுத் தாளில் இருப்பவற்றை மட்டும் வையுங்கள்.

வெப்பம், ஓட்டம், டைவர்ஷன் வால்வின் நிலை, நீராவி வால்வின் திறப்பு ஆகியவற்றை விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்யுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கு வருபவர் கேட்பது இந்தப் பதிவைத்தான். கணினியின் கடிகாரமும் பி.எல்.சி.யின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நேரம் பொருந்தாத பதிவை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்.

10. பதிவிலிருந்து பிளேட்டின் உடல்நிலையைப் படிப்பது

இதற்குக் கூடுதல் கருவி வேண்டாம், திரையில் ஒரு கணக்கு போதும். உள்ளே வரும் பால் 4 டிகிரி, ரீஜெனரேஷனைத் தாண்டியதும் 64, கடைசி வெப்பம் 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டிய 68 டிகிரியில் 60-ஐ இலவசமாகப் பெற்றுவிட்டீர்கள்: 88 சதவீதம். பிளேட்டில் பால்கல் படியப் படிய இது இறங்கும். அதே ஓட்டத்துக்கு நீராவி வால்வு அதிகம் திறந்து ஈடுகட்டும். வெப்பம் மட்டும் செட் பாயின்ட்டிலேயே நிற்கும் என்பதால் வெப்பத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நன்றாகக் கழுவிய மறுநாளின் சதவீதத்தையும் வால்வுத் திறப்பையும் அடிப்படையாகக் குறித்துக்கொண்டு, அவற்றோடு தினமும் ஒப்பிடுங்கள். கழுவிய பிறகும் பழைய எண்ணுக்குத் திரும்பாவிட்டால் பிளேட்டைப் பிரிக்காமலே கழுவும் சி.ஐ.பி.யின் வெப்பம், காரத்தின் அடர்த்தி, ஓட்டம் மூன்றில் ஒன்று குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு: நீராவி குளிர்ந்து உருவாகும் நீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப் அடைத்திருக்கலாம். பிளேட்டைப் பிரிக்கச் சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

11. பேக்கப்பும் இணையமும்

ஸ்காடாக் கணினியை அலுவலக வைஃபையோடு இணைக்காதீர்கள். அதில் மின்னஞ்சல் பார்ப்பது, பென் டிரைவ் செருகுவது இரண்டையும் தடுங்கள். ஒப்பந்ததாரர் தொலைவிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால், நீங்கள் கேபிளைச் செருகும் நேரத்துக்கு மட்டும் இணைப்பு. வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். எப்போதும் திறந்து கிடக்கும் தொலைநிலை மென்பொருள் வேண்டவே வேண்டாம். கருவியோடு வந்த தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

மூலப் புரோகிராம், ஸ்காடா, கடவுச்சொற்கள், வரைபடங்கள், சோதனைக் கோடுகள் எல்லாம் அடங்கிய தொகுப்பின் மூன்று படிகள் வேண்டும்: ஒன்று ஆலைக் கணினியில், ஒன்று அலுவலக அலமாரியில் உள்ள வன்தட்டில், ஒன்று உரிமையாளரின் வீட்டில். புரோகிராமில் ஓர் எண் மாறினாலும் தேதி போட்ட புதிய படி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஹோல்டிங் டியூப் சென்சாரை அளவுத்திருத்தத்துக்குக் கழற்றும் அதே நாளில், அலமாரியில் இருக்கும் படியை பி.எல்.சி.யில் ஏற்றித் தண்ணீரில் ஆலையை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் தேதியைக் குறித்துக் கையொப்பமிட்டு வையுங்கள். ஓடாவிட்டால் பொருத்தியவரை அன்றைக்கே அழைத்துவிடுங்கள், ஒப்பந்தத்தின் உத்தரவாதக் காலம் முடிவதற்குள்.